ஓடாத நாளிலும் தின்னும் குதிரை!
ராயபுரம், காசிமேடு தெருக்களில் ஜட்கா வண்டி ஓய்ந்த கதை

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். பொழுது விடியவில்லை. அதற்குள் ஏலக்காரர்களின் குரல் காதைப் பிளக்கிறது. ஐஸ் உடைக்கும் சத்தம் ஒரு பக்கம். விசைப்படகில் இருந்து மீன் கூடைகள் இறங்குவது இன்னொரு பக்கம்.

வெளியே ஆட்டோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. "குட்டி யானை" என்று எல்லோரும் அழைக்கும் சிறிய சரக்கு வண்டிகளும் நிற்கின்றன. கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும். பேரம் ஆரம்பம்.

"இன்னாபா, இங்க கீற வண்ணாரப்பேட்டைக்கா இவ்ளோ கேக்குற?"

"மேல போட்டுக் குடும்மா. கட்டுப்படி ஆவாது!"

இந்தச் சண்டை நேற்று முளைத்தது அல்ல. உங்கள் தாத்தாவும் பாட்டியும் இதே ராயபுரத்தில், இதே வண்ணாரப்பேட்டையில் வண்டிக்காரரோடு இப்படித்தான் வாதாடினார்கள். வண்டிதான் வேறு. அதை இழுத்தது குதிரை!

அதுதான் ஜட்கா வண்டி.

குலுக்கி எடுக்கும்!

"ஜட்கா" என்பது இந்துஸ்தானிச் சொல். சட்டென்று ஒரு குலுக்கு, ஒரு வெட்டு என்று அதற்குப் பொருள். வண்டியில் ஏறியவர்களுக்குப் பெயர்க் காரணத்தை யாரும் விளக்க வேண்டியது இல்லை. முதல் பள்ளத்திலேயே முதுகெலும்பு சொல்லிவிடும்!

ஆங்கிலேயர்கள் இந்தியச் சொற்களைத் திரட்டி 1886-ம் ஆண்டு ஓர் அகராதி வெளியிட்டார்கள். "ஆப்சன்-ஜாப்சன்" என்று அதற்குப் பெயர். அதிலேயே ஜட்காவுக்கு இடம் இருக்கிறது. சென்னை ராஜதானியின் வாடகை வண்டி என்றே அது குறிக்கப்பட்டு இருக்கிறது.

இரண்டு பெரிய மரச் சக்கரங்கள். சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. மேலே வில் போல வளைந்த கூரை. உள்ளே பெஞ்சு கிடையாது. பலகையில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயோ ஜமக்காளமோ விரித்து இருப்பார்கள். பின்பக்கம் உள்ள இரும்புப் படியில் கால் வைத்து ஏறி, சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கால் நீட்ட வழி இல்லை.

இழுப்பது பெரும்பாலும் மட்டக் குதிரை. பந்தயக் குதிரை மாதிரி உயரமும் மினுமினுப்பும் இருக்காது. கண்ணுக்குப் பக்கத்தில் பட்டை கட்டி இருப்பார்கள். பக்கவாட்டில் எதையும் பார்த்து மிரளக் கூடாது அல்லவா, அதற்காக. குளம்பில் லாடம். வண்டிக்கு அடியில் புல் மூட்டை தொங்கும். பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு.

வண்டிக்காரர் முன்னால் ஒரு கைப்பிடி இடத்தில் ஒண்டிக்கொண்டு உட்காருவார். தெருவில் கூட்டம் என்றால் சாட்டையின் கம்பைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்காலில் வைப்பார். "டக டக டக" என்று சத்தம் வரும். ஆட்கள் விலகுவார்கள். அந்தக் காலத்து ஆரன் அதுதான்!

"பின்பாரம், பின்பாரம்!"

ஜட்காவில் ஏறுவதும் ஒரு வித்தை. வண்டிக்கு இரண்டே சக்கரம். எடை பின்னால் கூடினால், குதிரையின் இரு பக்கமும் நீளும் ஏர்க்கால் மேலே கிளம்பிவிடும். குதிரையையே தூக்கப் பார்க்கும். முன்னால் கூடினால் குதிரையின் முதுகை அழுத்தும்.

அதனால் வண்டிக்காரரின் வாய் ஓயாது.

"பின்பாரம், பின்பாரம்! முன்னால தள்ளி உக்காருங்க சாமி!"

"அம்மா, கொழந்தைய மடியில வச்சுக்குங்க. பெரியவரே, நீங்க நடுவுல வாங்க!"

முன்பின் தெரியாத நாலு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போவார்கள். இன்று ஷேர் ஆட்டோவில் நெருக்கி அடித்துப் போகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

வண்டிக்காரர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். "பாய், வண்டி வருமா?" என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்கள் போகும்போது முன்னும் பின்னும் திரை கட்டிவிடுவது உண்டு.

ரெயில் வந்தது ராயபுரத்துக்கு

தென்னிந்தியாவின் முதல் ரெயில் நிலையம் எது? சென்ட்ரலும் அல்ல, எழும்பூரும் அல்ல. நம்ம ராயபுரம்தான்!

1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஆரிஸ் பிரபு முன்னிலையில் அது திறக்கப்பட்டது. ஜூலை 1-ந் தேதி முதல் வாலாஜா ரோடு வரை ரெயில் ஓடியது. அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. 2005-ம் ஆண்டு அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள்.

ரெயில் வந்துவிட்டது, சரி. இறங்கியவர் வீடு போய்ச் சேர்வது எப்படி? பஸ் இல்லை. டிராம் இல்லை. கால் இருந்தால் நடக்கலாம். காசு இருந்தால் பல்லக்கு. இல்லாவிட்டால் மாட்டு வண்டி, குதிரை வண்டி.

ரெயில் பெரிய தூரத்தைக் குறைத்தது. நிலையத்தில் இருந்து வீட்டு வாசல் வரை உள்ள சின்னத் தூரம் அப்படியே இருந்தது. அந்தச் சின்னத் தூரம்தான் வண்டிக்காரரின் சோறு.

1873-ம் ஆண்டு சென்ட்ரல் ரெயில் நிலையம் வந்தது. ராயபுரத்தின் மவுசு மெல்லக் குறைந்தது. ஆனாலும் துறைமுகம் இருந்தது. கடை கண்ணி இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது.

கஞ்சித் தொட்டி சவாரி

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். 1782-ம் ஆண்டு பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது அது. அந்தப் பேர் நிலைத்துவிட்டது. ராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் அமைந்தது.

இடுப்பு வலி வந்த பெண்ணை நடத்தியா கூட்டிப் போக முடியும்? காய்ச்சலில் நினைவு தப்பியவரைத் தோளில் தூக்கிப் போவது எவ்வளவு தூரம்? 108-க்கு போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரும் காலம் அல்ல அது. தெருக்கோடியில் நிற்கும் ஜட்காவைத்தான் கூப்பிட வேண்டும். வைக்கோலின் மேல் இன்னொரு போர்வையை மடித்துப் போட்டு, "மெதுவா ஓட்டுப்பா" என்று கெஞ்ச வேண்டும்.

குலுக்கலுக்குப் பெயர் போன வண்டியில் நிறைமாதக் கர்ப்பிணி! நினைத்தாலே பகீர் என்கிறது. ஆனால் வேறு வழி இல்லை.

சட்டம் வந்தது

வாடகைத் தகராறு அன்றும் உண்டு. ஏறும்போது ஒரு கூலி, இறங்கும்போது ஒரு கூலி. வெளியூர்க்காரர் என்றால் சுற்று வழி. இதை எல்லாம் கட்டுக்குள் வைக்க அரசு சட்டம் போட்டது. 1911-ம் ஆண்டு வாடகைக் குதிரை வண்டிகளுக்கான சட்டம் சென்னை ராஜதானியில் வந்தது.

வண்டிக்கு லைசென்சு. ஓட்டுபவருக்கு லைசென்சு. வண்டிக்கு நம்பர். எத்தனை பேரை ஏற்றலாம், எவ்வளவு வாங்கலாம் என்று கணக்கு. இன்று ஆட்டோக்காரர் சட்டைப் பையில் இருக்கும் பேட்ஜுக்கும், வண்டியில் இருக்கும் மீட்டருக்கும் பாட்டன் இதுதான்.

மீட்டர் கதை என்ன ஆனது? 2013-ம் ஆண்டு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அப்புறம் எத்தனை பேர் மீட்டர் போட்டார்கள் என்பதை வாசகர்களிடம் சொல்ல வேண்டியது இல்லை!

ஒவ்வொரு சவாரியாகப் போனது

ஜட்காவை ஒரே அடியில் யாரும் ஒழிக்கவில்லை. ஒவ்வொரு சவாரியாகப் பிடுங்கிக் கொண்டார்கள்.

முதலில் டிராம். 1895-ம் ஆண்டு மே 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். தண்டவாளம் போன பெரிய ரோடுகளில் குமாஸ்தாக்களும் மாணவர்களும் டிராமுக்கு மாறினார்கள். ஜட்காவுக்குச் சந்து பொந்துகள் மிஞ்சின.

அடுத்தது மோட்டார். துறைமுகத்தை விரிவாக்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904-ம் ஆண்டு துறைமுகப் பொறுப்புக்கு வந்தவர். சென்னையில் "எம்.சி.1" என்ற முதல் நம்பர் அவருடைய காருக்குத்தான் என்று நகர வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியின் கதை இன்னும் சுவையானது. 1840-ம் ஆண்டு குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. அதே கம்பெனி 1903-ம் ஆண்டு நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டியது! வண்டி செய்தவர்கள் காலத்தோடு மாறிக் கொண்டார்கள். அவர்களிடம் முதல் இருந்தது, பட்டறை இருந்தது. வண்டி ஓட்டியவரிடம் என்ன இருந்தது? ஒரு குதிரை. அதற்கும் வயசாகிக் கொண்டிருந்தது.

மனிதனை மனிதன் இழுத்தான்

1915-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் காந்தியும் கஸ்தூரிபாவும் சென்னைக்கு வந்தார்கள். சென்ட்ரலில் பெருங்கூட்டம். ஜி.ஏ.நடேசன் வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போகக் குதிரை வண்டி காத்திருந்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள்!

அது மரியாதைக்காக இழுத்தது. வயிற்றுக்காக இழுத்தவர்கள் வேறு. அவர்கள்தான் கை ரிக்ஷாக்காரர்கள்.

குதிரை வண்டிக்கு உண்மையான எமன் அந்தக் கை ரிக்ஷாதான். ஒற்றை ஆளாகப் போகிறவருக்கு ஜட்கா எதற்கு? ரிக்ஷா சந்தில் நுழையும். வாசலில் நிற்கும். லாயம் வேண்டாம், லாடம் வேண்டாம், கொள்ளு வேண்டாம். இழுப்பவர் பிளாட்பாரத்திலேயே படுத்துக் கொள்வார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. குதிரையை விட மனிதன் மலிவாகப் போனான்!

போர் கொடுத்த வாழ்வு

நடுவில் ஜட்காவுக்குக் கொஞ்ச நாள் மறுவாழ்வும் வந்தது. போர்தான் காரணம்.

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மனியின் "எம்டன்" கப்பல் சென்னைக் கரைக்கு வந்து 100-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வெளிச்சம் வானத்தைத் தொட்டது. பீதி அடைந்த மக்கள் ரெயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் ஊரை விட்டு ஓடினார்கள்.

1942-ம் ஆண்டு மறுபடியும் அதே கதி. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று நகரமே காலியானது. அப்போது பெட்ரோலுக்கும் ரேஷன். பஸ்களைக் கரி வாயுவில் ஓட்டினார்கள். பெட்ரோல் கேட்காத வண்டிகளுக்குக் கிராக்கி வந்தது.

போர் முடிந்தது. மறுவாழ்வும் முடிந்தது. 1947-ம் ஆண்டு அரசு பஸ் வந்தது. 1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டிராமும் நின்றுபோனது. அந்தச் சவாரி ஜட்காவுக்குத் திரும்பி வரவில்லை. பஸ்ஸுக்குப் போனது. பின்னால் சைக்கிள் ரிக்ஷா. அதற்கும் பின்னால் ஆட்டோ ரிக்ஷா.

கடைசியில் மிஞ்சியவை சில்லறைச் சவாரிகள்தான். ரெயிலில் இருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறவர், கல்யாண ஊர்வலம், சினிமா விளம்பரம். வண்டியின் இரு பக்கமும் படத் தட்டியைக் கட்டி, மேளம் அடித்துக்கொண்டே நோட்டீசு வீசிப் போவார்கள். பின்னால் சிறுவர் பட்டாளம் ஓடும்.

குதிரைக்கு லீவு கிடையாது

ஜட்கா ஏன் தோற்றது? ஒரே வரியில் பதில் இருக்கிறது. சவாரி இல்லாத நாளிலும் குதிரை தின்னும்!

ஆட்டோ நின்றால் பெட்ரோல் செலவாகாது. குதிரை நின்றாலும் கொள்ளு வேண்டும், புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். லாடம் தேய்ந்தால் புதிதாக அடிக்க வேண்டும். கால் நொண்டினால் வருமானம் நிற்கும். வைத்தியச் செலவு நிற்காது. குதிரை செத்தால் போட்ட முதலும் சேர்ந்து போகும்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பழமொழி கேலி செய்கிறது. அந்த வாய்க்குக் கொள்ளு வாங்கிப் போட முடியாமல் தவித்தவரைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை.

அதன் கஷ்டம் குதிரை மேல் விடிந்தது. அதையும் மறைக்கக் கூடாது. இரண்டு சவாரி சேர்த்துப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில், நொண்டும் குதிரையையும் ஓட்டினார்கள். சேணம் உராய்ந்த புண்ணின் மேலேயே மறுநாளும் சேணம் ஏறியது. நாலு பேர் ஏறும் வண்டியில் ஆறு பேர். தார் ரோட்டில் வழுக்கி விழுந்த குதிரையைச் சாட்டையால் அடித்து எழுப்பினார்கள்.

இதைத் தட்டிக் கேட்டவர்களில் ஒருவர் சென்னைக்காரர். கலாசேத்திராவை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் எடுத்த முயற்சியின் பலனாகத்தான் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

அதன் கீழ் 1965-ம் ஆண்டு வண்டி இழுக்கும் மிருகங்களுக்கு விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஊரில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. ஓட்டுபவரையும் சின்னக் குழந்தைகளையும் தவிர 4 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது.

நல்ல விதிகள்தான். குதிரைக்கு 9 மணி நேரம் என்று எழுதினார்கள். சாட்டை பிடித்தவருக்கு எத்தனை மணி நேரம்? அதை யாரும் எழுதவில்லை.

சொல்லாமல் போனவர்கள்

கை ரிக்ஷாவுக்கு முடிவு வந்தபோது ஊரே பேசியது. 1973-ம் ஆண்டு கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது அது ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்கு மாற்றாகச் சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 1971-ம் ஆண்டில் எம்.ஜி.ஆர். "ரிக்ஷாக்காரன்" ஆக வந்தார். அதே வருடம் "பாபு" படத்தில் சிவாஜி கணேசன் ரிக்ஷா இழுத்து அழ வைத்தார்.

மும்பையிலும் அப்படித்தான். அங்கே "விக்டோரியா" என்ற குதிரை வண்டிகள் சட்ட விரோதம் என்று 2015-ம் ஆண்டு ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அப்போது வண்டிக்காரர்களின் மறுவாழ்வு பற்றியும் பேச்சு எழுந்தது. ஒரு தேதி இருந்தது. ஒரு உத்தரவு இருந்தது. கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது.

சென்னை ஜட்காக்காரருக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. இந்த மாதம் நாலு சவாரி குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் நாலு. ஒருவர் குதிரையை விற்றார். ஒருவர் கூலி வேலைக்குப் போனார். ஒருவர் மகனை மெக்கானிக் கடையில் சேர்த்தார். ஸ்டாண்டில் வண்டி குறைந்தது. ஒரு நாள் பார்த்தால் ஸ்டாண்டே இல்லை. அந்த இடத்தில் ஆட்டோ நின்றது.

ஒழிந்ததற்கு யாரும் அழவில்லை. அழ வேண்டிய வண்டியும் அல்ல. புண்ணோடு ஓடிய குதிரைக்கு விடுதலை கிடைத்தது. பிரசவ வலியில் துடிக்கிற பெண் இன்று ஆம்புலன்சில் போகிறாள். இதை எல்லாம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் குதிரையை அவிழ்த்து விட்ட பிறகு வண்டிக்காரர் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

இன்றைக்கு யார் முறை?

கேள்வி பழையது அல்ல. காசிமேட்டு ஆட்டோ ஸ்டாண்டில் அது இப்போதும் நிற்கிறது.

வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி மெட்ரோ ரெயில் திறந்தது. செல்போனைத் தட்டினால் வாசலுக்குக் கார் வருகிறது. இரு சக்கர வண்டியிலேயே பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறுபடியும் ஒவ்வொரு சவாரியாகக் கை மாறுகிறது.

"ஆட்டோ நின்றால் தின்னாது" என்று மேலே எழுதினோம். அது முழு உண்மை அல்ல. கடன் வாங்கிய ஆட்டோ நின்றாலும் தின்னும். அதற்குத் தீனி கொள்ளு அல்ல, தவணை! எப்.சி., இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அதோடு சேர்ந்தது. மழை பெய்தாலும் தவணைத் தேதி மாறாது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அது 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. தனி ஆட்டோவுக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளி. நேரக் கணக்கை யாரிடம் கேட்பது?

ஒரு வித்தியாசம் உண்டு. ஜட்காக்காரருக்கு இல்லாத நல வாரியம் ஆட்டோக்காரருக்கு இருக்கிறது. சங்கம் இருக்கிறது. வாய் இருக்கிறது. அதிகக் கூலி கேட்டால் திட்டுவதற்கு நமக்கும் வாய் இருக்கிறது. திட்டலாம், தப்பில்லை. திட்டிவிட்டு இறங்கும்போது, "எத்தனை மணிக்குப்பா வண்டி எடுத்தே?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ராயபுரம் சந்துகளில் சில பழைய வீட்டு நிலைப்படிகளைக் குனிந்து பாருங்கள். தேய்ந்த லாடம் ஒன்று அடித்து இருப்பார்கள். வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கை.

ஓடி ஓடித் தேய்ந்த இரும்பு அது. குதிரைக்கோ, அதை ஓட்டியவருக்கோ அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.